மூளை ரத்தக்குழாய் புடைப்பு: வடிவத்தைப் பார்த்து வெடிக்கும் ஆபத்தைக் கணிப்பது எப்படி?

தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போய், "6 மி.மீ. அனியூரிசம்" (மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் பை போன்ற புடைப்பு) என்ற ஒரு வரி ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் எம்.ஆர்.ஐ. எடுப்பது முன்னைவிட எளிது. அதனால் எந்தத் தொந்தரவும் தராமல் கிடந்த புடைப்புகளும் கண்ணில் படுகின்றன. வளர்ந்தவர்களில் 100 பேருக்குச் சுமார் 3 பேரிடம் இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை வெடிப்பதே இல்லை. வெடித்துவிட்டால் மூன்றில் ஒருவராவது உயிரிழக்கிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய வேலைக்குத் திரும்ப முடிவதில்லை.

எனக்கு இருப்பது எந்த வகை என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி. அதற்கு மில்லிமீட்டர் கணக்கு மட்டும் போதாது. புடைப்பின் கழுத்து (அது குழாயோடு சேரும் வாய்) எவ்வளவு அகலம், எந்தக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறதா மேடுபள்ளமாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இவற்றை எழுதாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவ மாணவர்கள், ஸ்கேன் டெக்னீஷியன்கள், ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள நினைக்கும் குடும்பத்தினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அளப்பது எப்படி என்று இங்கே தெரிந்துகொள்ளலாம். சிகிச்சை வேண்டுமா என்பதை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில்: இது அவசரமா?

திடீரென்று, சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, "வாழ்க்கையில் இப்படி வலித்ததே இல்லை" என்று சொல்ல வைக்கும் வலி, கூடவே வாந்தி, கழுத்துப் பிடிப்பு, மயக்கம், வலிப்பு இருந்தால் எதையும் அளந்துகொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். நம் பக்கம் "மூளை நரம்பு வெடிச்சிடுச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். மாத்திரை போட்டுத் தூங்கிப் பார்க்கலாம் என்று ஒரு இரவைக் கடத்துவதுதான் பலரைக் காவு வாங்குகிறது. வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேனே ரத்தக்கசிவைக் கிட்டத்தட்ட முழுமையாகக் காட்டிவிடும். நேரம் ஆக ஆக அந்தத் திறன் குறையும். அப்போது முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கண் இமை திடீரெனத் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் பெரிதானால், புடைப்பு அங்குள்ள நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லை, தற்செயலாகக் கண்டுபிடித்த புடைப்புதான் என்றால், நிதானமாக மேலே படிக்கலாம்.

படி 1: சரியான படங்களைக் கையில் எடுங்கள்

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வடிவத்தை அளக்க முடியாது. ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்கள்) உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். கடலூரில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஃபிலிம் கவரை மட்டும் தூக்கிக்கொண்டு புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. மருத்துவருக்குத் தேவையான கோணம் அந்த ஃபிலிமில் இல்லையென்றால் மறுபடி ஸ்கேன், மறுபடி செலவு.

எந்தப் பரிசோதனை என்பதும் முக்கியம். மருந்து செலுத்தாமல் எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.), கண்டுபிடிப்பதற்கு நல்லது. ஆனால் ரத்தம் மெதுவாகச் சுழலும் இடங்களில் அதன் சிக்னல் மங்கும். பெரிய புடைப்பின் ஒரு மூலையோ சிறு குமிழோ படத்தில் விழாமலே போகலாம். சி.டி. ஆஞ்சியோவில் ஸ்லைஸின் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின்) தடிமன் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 3 மி.மீ. ஸ்லைஸை வைத்துக்கொண்டு கழுத்தை அளப்பது வீண்வேலை. வடிவத்தை மிகத் துல்லியமாகக் காட்டுவது, குழாய்க்குள் கதீட்டர் விட்டு எடுக்கும் டி.எஸ்.ஏ.வின் சுழல்முறை முப்பரிமாணப் படம். அதில் சிறிய அளவில் பக்கவாத ஆபத்து இருப்பதால் எல்லோருக்கும் முதலிலேயே எடுப்பதில்லை.

படத்தைத் திறக்க 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளே போதும். சி.டி. ஆஞ்சியோவில் ஒரு எச்சரிக்கை: பிரகாச அமைப்பை மாற்றினால் குழாயின் விளிம்பு வீங்கும், சுருங்கும். ஒரே அமைப்பில் வைத்து எல்லா அளவையும் எடுங்கள். அந்த அமைப்பைக் குறித்தும் வையுங்கள்.

படி 2: அது புடைப்புதானா?

சில குழாய்கள் கிளை பிரியும் இடத்தில் இயல்பாகவே கொஞ்சம் அகன்று கூம்பாக இருக்கும். உள் கழுத்துத் தமனியிலிருந்து பின் இணைப்புத் தமனி கிளம்பும் இடத்தில் இது அடிக்கடி தென்படும். அகலம் 3 மி.மீ.க்குள், கூம்பு வடிவம், அதன் நுனியிலிருந்தே கிளை கிளம்புகிறது என்றால் அது பெரும்பாலும் புடைப்பு அல்ல. படத்தைச் சுழற்றிச் சுழற்றி அந்தக் கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தைச் சரிபார்த்தாலே சில குடும்பங்களின் தூக்கம் திரும்பிவிடும்.

இந்த வழிகாட்டி குழாய்ச் சுவரிலிருந்து பை மாதிரி வெளியே தள்ளிய புடைப்புக்கு மட்டுமே. குழாயே முழுச்சுற்றாக அகன்ற வகைக்கும், சுவர் கிழிந்து உண்டான வகைக்கும் கீழே வரும் விகிதங்கள் பொருந்தாது.

படி 3: கழுத்துக் கோடு

எல்லாம் இதில்தான் நிற்கிறது. புடைப்பு இல்லாமல் இருந்திருந்தால் தாய்க்குழாயின் (புடைப்பு கிளம்பும் குழாயின்) சுவர் எந்த வழியாகப் போயிருக்கும் என்று பாருங்கள். அந்தக் கோடுதான் கழுத்துத் தளம். புடைப்பும் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று மறைக்காத கோணம் கிடைக்கும்வரை படத்தைத் திருப்புங்கள். அப்புறம் அதற்குச் செங்குத்தான இன்னொரு கோணத்திலும் கழுத்தை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். கழுத்து வட்டமாகவே இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் 3, மறுபக்கம் 5 என்று நீள்வட்டமாக இருப்பது சகஜம்.

படி 4: நான்கு அளவுகள், மூன்று விகிதங்கள்

எடுக்க வேண்டிய அளவுகள் இவை: கழுத்தின் அகலம், கழுத்துத் தளத்திலிருந்து உச்சிவரை உயரம், புடைப்பின் அதிகபட்ச அகலம், தாய்க்குழாயின் விட்டம். விட்டத்தைக் கழுத்துக்குச் சற்று முன்னால் ஓரிடத்திலும், அதிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி இன்னோர் இடத்திலும் எடுத்துச் சராசரி காணுங்கள். கிளை பிரியும் முனையில் புடைப்பு இருந்தால், அங்கே கூடும் எல்லாக் குழாய்களின் விட்டத்தையும் சேர்த்துச் சராசரி.

முதல் விகிதம், உயரத்தைக் கழுத்தால் வகுப்பது. ஆங்கில ரிப்போர்ட்டில் இதுதான் ஆஸ்பெக்ட் ரேஷியோ. ஜப்பானில் உஜியேயும் அவருடைய குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், வெடித்த புடைப்புகளில் ஏறக்குறைய 80% பேருக்கு இது 1.6-க்கு மேல், வெடிக்காதவற்றில் ஏறக்குறைய 90% அதற்குக் கீழ். காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்து குறுகி உடல் ஆழமானால், உள்ளே போன ரத்தம் சீக்கிரம் வெளியேறாது. உச்சிப் பக்கம் அது மந்தமாகச் சுழலும். ரத்தம் சுவரை உரசிக்கொண்டு ஓடும் விசை அங்கே குறைந்துபோகும். அந்த மந்தமான இடங்களில் உள்சுவர் செல்கள் கெட்டு, அழற்சி ஏற்பட்டு, சுவர் நைந்துபோகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இன்னொரு பக்கம், ரத்தம் வேகமாக வந்து ஒரே இடத்தில் மோதுவதும் சுவரைச் சிதைக்கும். எனவே மந்தமும் ஆபத்து, வேகமும் ஆபத்து, இடத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, சைஸ் ரேஷியோ. புடைப்பின் அதிகபட்ச உயரத்தைத் தாய்க்குழாயின் விட்டத்தால் வகுக்க வேண்டும். உயரத்தை இங்கே கழுத்தின் மையத்திலிருந்து மிகத் தொலைவான புள்ளிவரை எடுப்பார்கள்; அது சாய்வாகவும் இருக்கலாம். 4 மி.மீ. குழாயில் 5 மி.மீ. புடைப்பு வேறு, 2 மி.மீ. குழாயில் 5 மி.மீ. புடைப்பு வேறு. மெல்லிய குழாயின் சுவரும் மெல்லியதுதான். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வெடித்தவற்றில் 77% பேருக்கு இந்த விகிதம் 2-க்கு மேல் இருந்தது. வெடிக்காதவற்றில் 83% அதற்குள் அடங்கின. சிறிய புடைப்புகளும் வெடிப்பது ஏன் என்பதற்கு இது ஓரளவு பதில் சொல்கிறது. அதனால்தான் எனக்கு இந்த எண் மேல் தனி மதிப்பு.

மூன்றாவது, அதிகபட்ச அகலத்தைக் கழுத்தால் வகுப்பது. வயிறு பெருத்துக் கழுத்து இறுகியிருக்கிறதா என்று சொல்லும். முதலாவதோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் தனியாக இதற்கு அதிக எடை கொடுக்க வேண்டாம்.

இவை தவிர முப்பரிமாண எண்களும் உண்டு. வடிவம் அரைக்கோளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒன்று கணக்கிடும். சரியான அரைக்கோளத்துக்கு 0. மேற்பரப்பில் எவ்வளவு குழிவு இருக்கிறது என்று இன்னொன்று சொல்லும். 2005-ல் ராகவனும் அவருடைய சகாக்களும் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்கு அருமையானவை, அன்றாட ரிப்போர்ட்டில் இவை கட்டாயமில்லை.

அரை மில்லிமீட்டர் பிழை என்ன செய்யும் என்று இங்கேயே பார்த்துவிடலாம். உயரம் 6.2, கழுத்து 3.4 என்றால் விகிதம் 1.82. அதே கழுத்தை 3.9 என்று அளந்தால் 1.59. ஒரே நோயாளி, ஒரே படம். கோடு வைத்த இடம் அரை மில்லிமீட்டர் நகர்ந்ததில் 1.6-க்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அதனால் 1.6-ஐயும் 2-ஐயும் எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

படி 5: கண்ணால் பார்க்க வேண்டியது

விகிதங்களைவிட இதை நான் மேலாக வைப்பேன். முப்பரிமாணப் படத்தை எல்லாப் பக்கமும் திருப்பி, மேற்பரப்பைப் பாருங்கள். வழவழப்பான ஒரே குமிழா? இரண்டு மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கிறதா? மேலே ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் குமிழ் தெரிகிறதா? பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் பழத்தின் நுனியில் கொட்டை தனியாகத் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; பெரிய புடைப்பின் மேல் அப்படித் துருத்தும் குமிழைத்தான் ரிப்போர்ட்டில் டாட்டர் சாக் அல்லது பிளெப் என்று எழுதுகிறார்கள். அந்த இடத்தில் சுவர் மற்ற இடத்தைவிட நலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2012-ல் வெளியான ஜப்பான் ஆய்வில், 5,720 பேரிடம் இருந்த 6,697 வெடிக்காத புடைப்புகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்கு 0.95% வெடித்தன. டாட்டர் சாக் இருந்தவற்றில் ஆபத்து 1.63 மடங்கு. வெடிப்பதற்கு முன்பே வடிவத்தைக் குறித்து வைத்துவிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு என்பதால் இதன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பின்லாந்தில் 4,074 நோயாளிகளின் 5,814 புடைப்புகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட கட்டுரையும், அளவு எதுவானாலும் ஒழுங்கற்ற வடிவத்துக்கும் வெடிப்புக்கும் தொடர்பு உண்டு என்றது.

ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஒழுங்கற்ற வடிவம்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். குமிழ் எங்கே, எவ்வளவு பெரிது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதினால், அடுத்த வருடம் ஒப்பிடுகிறவருக்கு அது பெரிய உதவி.

படி 6: வடிவத்தை மற்ற விஷயங்களோடு சேர்த்து எடை போடுங்கள்

இடம் முக்கியம். முன் இணைப்புத் தமனி, பின் இணைப்புத் தமனி, பின்பக்க ரத்த ஓட்டக் குழாய்கள் ஆகியவற்றில் இருப்பவை, நடுப் பெருமூளைத் தமனியில் இருப்பவற்றைவிட அதிகம் வெடிக்கின்றன. அப்புறம் ரத்த அழுத்தம், பீடி சிகரெட், அளவுக்கு மீறிய குடி, ஏற்கெனவே ஒரு புடைப்பு வெடித்த வரலாறு, பெற்றோர், உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்காவது இது இருந்திருப்பது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய்.

2014-ல் வந்த ஃபேஸஸ் மதிப்பெண் இவற்றில் சிலவற்றைக் கூட்டி 5 ஆண்டு ஆபத்தைச் சொல்கிறது. அதில் வடிவத்துக்கு இடமே இல்லை. அதன் மக்கள் பிரிவுகளும் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், பின்லாந்து என்று நிற்கின்றன. நமக்கென்று ஒரு வரி கிடையாது. 2017-ல் வந்த எலாப்ஸ் மதிப்பெண், புடைப்பு வளருமா என்று கணிப்பது. அதில் ஒழுங்கற்ற வடிவத்துக்கு மதிப்பெண் உண்டு. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் 54 வயது அம்மா, ரத்த அழுத்தம் உண்டு, இரண்டு புடைப்புகள்.

ஒன்று நடுப் பெருமூளைத் தமனி பிரியும் இடத்தில். அகலம் 7.2, உயரம் 4.6, கழுத்து 5.5, சுற்றியுள்ள குழாய்களின் சராசரி விட்டம் 2.4. உயரம்-கழுத்து விகிதம் 0.84, சைஸ் ரேஷியோ 1.92. வழவழப்பானது. ஃபேஸஸில் அளவுக்கு 3, இடத்துக்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 1. மொத்தம் 6, அதாவது 5 ஆண்டில் 1.7%.

இன்னொன்று முன் இணைப்புத் தமனியில். உயரம் 6.2, கழுத்து 3.4, சராசரி விட்டம் 2.3. விகிதங்கள் 1.82, 2.7. உச்சியில் ஒரு சிறு குமிழ். ஃபேஸஸில் அளவுக்கு 0, இடத்துக்கு 4, ரத்த அழுத்தத்துக்கு 1; மொத்தம் 5, அதாவது 1.3%.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் பெரியதுதான் கூடுதல் ஆபத்து. வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால் என் கவலை முழுக்க அந்தச் சின்னதன் மேல்தான். ஃபேஸஸுக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் அதில் இருக்கின்றன: ஆழம், மெல்லிய தாய்க்குழாய், குமிழ். நிபுணரிடம் போகும்போது இந்த அம்மாவின் பிள்ளைகள் கேட்க வேண்டியது "7 மி.மீ. இருக்கிறதே, ஆபரேஷன் வேண்டுமா சார்?" என்பதல்ல, "முன்னால் இருக்கும் சின்னதில் குமிழ் இருக்கிறதே, அதை என்ன செய்யலாம்?" என்பதே.

படி 7: வடிவம் சொல்லாததை அறிந்துகொள்ளுங்கள்

மேலே சொன்ன விகிதங்களில் பெரும்பாலானவை, வெடித்த புடைப்பையும் வெடிக்காததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில் கிடைத்தவை. வெடிக்கும்போதே சில புடைப்புகளின் வடிவம் மாறிவிடும். வெடித்ததில் நாம் பார்க்கும் குமிழ், முந்தின நாள் இருந்ததா என்று எப்போதும் சொல்ல முடியாது. எனவே 1.6-க்கு மேல் என்றால் வெடிக்கும் என்று பொருளல்ல, 1.6-க்குக் கீழ் என்றால் வெடிக்காது என்றும் பொருளல்ல.

அளவு விஷயத்திலும் ஒரு முரண் உண்டு. 2003-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்பக்கக் குழாய்களில் 7 மி.மீ.க்குக் கீழ் உள்ளவை, முன்பு ரத்தக்கசிவு இல்லாதவர்களிடம் 5 ஆண்டில் வெடிக்கவே இல்லை. ஆனால் ரத்தக்கசிவோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் கணிசமானோரிடம் இருப்பது 7 மி.மீ.க்குக் குறைந்ததுதான். சின்னவை எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், அவற்றில் சிறு பங்கு வெடித்தாலே மருத்துவமனையில் அது பெரிய எண்ணிக்கையாகத் தெரிகிறது. எந்தச் சின்னது அந்தச் சிறு பங்கில் சேரும் என்று தேடுவதற்குத்தான் இத்தனை அளவும்.

படி 8: அடுத்த நடவடிக்கை

சிகிச்சை என்றால் மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது, ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய் 'காயில்' எனும் மெல்லிய உலோகச் சுருளை நிரப்புவது, ரத்த ஓட்டத்தைத் திருப்பும் ஸ்டென்ட் வைப்பது ஆகியவை. இங்கேயும் வடிவம் பேசும்: குறுகிய கழுத்து காயிலுக்கு வசதி, அகன்ற கழுத்தில் காயில் நழுவி வெளியே வரப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஆபத்து உண்டு. வெடிக்கும் ஆபத்தையும் சிகிச்சையின் ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லும்படி மருத்துவரைக் கேளுங்கள். கடலூர்க்காரர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே விசாரியுங்கள்: தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை நீங்கள் போகும் புதுச்சேரி மருத்துவமனையில் செல்லுமா, எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று.

கண்காணிப்பு என்று முடிவானால் முதல் மறுபரிசோதனை 6 முதல் 12 மாதத்துக்குள், அப்புறம் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒன்று என்பது பொதுவான நடைமுறை. இடையில் புகையை அறவே விட வேண்டும், ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. மறு ஸ்கேனை முடிந்தவரை அதே வகை மெஷினில், அதே முறையில் எடுங்கள். முதல் முறை சி.டி., இரண்டாம் முறை எம்.ஆர். என்று மாறினால் 1 மி.மீ. வித்தியாசம் வளர்ச்சியா, மெஷின் வித்தியாசமா என்று குழப்பம் வரும். புடைப்பு வளர்ந்தாலோ புதுக் குமிழ் முளைத்தாலோ, மொத்த அளவு இன்னும் சின்னதுதான் என்று விடாமல் உடனே நிபுணரைப் பாருங்கள்.

மறு ஸ்கேனுக்குப் போகும்போது பழைய டிஸ்க்கையும், கழுத்து, உயரம், அகலம், தாய்க்குழாய் விட்டம், குமிழின் இடம் எழுதிய தாளையும் எடுத்துப் போய், ரிப்போர்ட் எழுதும் மருத்துவரிடம் ஸ்கேன் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.